சாண்டிநல்லாவின் கறுப்பு மண்

ஊட்டியைத் தாண்டிப் பைக்காரா பக்கம் மலை விரிந்து கிடக்கும் இடத்தில் நின்று பார்த்தால், நீலகிரி மேட்டுநிலத்தின் விசித்திரம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். குன்றுகளின் முதுகெல்லாம் புல். குன்றும் குன்றும் சேரும் மடிப்புகளில் மட்டும் குட்டையாய், அடர்ந்து, கரும்பச்சையாய்ச் சோலை. புதர் மெல்ல மெல்ல மரமாகும் இடைப்பகுதி என்று ஒன்று கிட்டத்தட்டக் கிடையாது. பத்தடி இந்தப் பக்கம் முழங்கால் அளவுப் புல், பத்தடி அந்தப் பக்கம் வெயில் நுழையாத காடு. மழையும் காற்றும் இரண்டுக்கும் பொதுதான். அப்படியிருக்க, மரம் ஏன் மடிப்பை விட்டு மேலேறவில்லை? 1938-இல் ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் இந்தக் கேள்விக்கு எதிரெதிரான இரண்டு விடைகள் வெளியாயின. மார்கழி, தை மாதங்களில் விழும் உறைபனி மரக்கன்றுகளைக் கருக்கிவிடுகிறது, ஆகவே புல்வெளி இந்த மலைக்கு இயல்பானது என்றார் சி. ஆர். ரங்கநாதன். தீயும் மேய்ச்சலும்தான் காட்டைப் பரவவிடாமல் தடுக்கின்றன என்றார் என். எல். போர். அதாவது, மனிதன் கையை எடுத்துக்கொண்டால் சோலை மேலேறி மலை முழுவதையும் மூடிவிடும்.

தாவரவியலாளர்களின் வீட்டுச் சண்டை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. புல்வெளி என்பது அழிந்துபோன காட்டின் மிச்சம் என்றால், அங்கே மரம் நடுவது பழுது பார்க்கும் வேலை. புல்வெளி தொன்றுதொட்டே அங்கே இருப்பது என்றால், அதே வேலை அழிப்பு வேலை ஆகிவிடும். கடந்த இரு நூற்றாண்டுகளில் ஆட்சியிலிருந்தவர்கள் பெரும்பாலும் முதல் விடையின் பக்கமே சாய்ந்தார்கள். மரம் இல்லாத நிலம் தரிசு, தரிசில் எது வளர்ந்தாலும் லாபம் என்பது வருவாய்த் துறைக் கணக்கு. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரம் வந்தது. மலைவாசிகள் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ் வந்தது, பைன் வந்தது. தெற்கே பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டத்துக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது என்று காட்டியது. இன்றைய மலையை எத்தனை முறை சுற்றி வந்தாலும் ரங்கநாதனா, போரா என்பது தீராது. உறைபனியும் விழுகிறது, தீயும் வைக்கப்படுகிறது. இரண்டில் எது முந்தியது என்பதற்குத்தான் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி மலையின் சதுப்புகளில், கண்ணுக்குத் தெரியாத அளவில், அடுக்கடுக்காகப் புதைந்து கிடக்கிறது. அதைப் படித்துப் பார்த்தால் போருடைய விடை நிற்காது. ரங்கநாதனுடையதும் முழுதாக நிற்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சோலையிலிருந்து வழியும் நீர் ஓடிவிடாமல் தேங்கும் பள்ளங்களில் கோரையும் புல்லும் பாசியும் மண்டும். அவை மடிந்து விழுந்தால் சமவெளியில் ஓரிரு ஆண்டில் மக்கி மண்ணாகிவிடும். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல், குளிர்ந்த நீரில் மூழ்கிக் கிடக்கும் செடிக்கு அந்த வசதி இல்லை. மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் வேண்டும், தேங்கிய நீரின் அடியில் அது தீர்ந்துபோய்விடும். சிதைவதைவிடச் சேர்வது வேகமாக நடக்கிறது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடச் சேராது என்றாலும், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்தால் ஆள் புதையும் அளவுக்குக் கறுப்பாக, ஈரப் பஞ்சுபோல, விரலால் பிதுக்கினால் பழுப்பு நீர் வடியும் ஒரு மண் உருவாகும். இதைப் பீட் என்பார்கள். நிலக்கரியாகும் பாதையில் முதல் படியிலேயே நின்றுவிட்டதால் பாடப்புத்தகங்களில் முற்றா நிலக்கரி என்றும் பெயர். அயர்லாந்தில் இதை வெட்டி உலர்த்தி அடுப்பெரிப்பார்கள். வெப்ப மண்டலத்தின் மலை உச்சிகளில் பீட் கிடைப்பது அரிது. கிடைக்கும் இடங்களில் ஊட்டிக்கு அருகே, சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள சாண்டிநல்லாப் பள்ளத்தாக்கு ஒன்று. செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்துக்காகப் பெயர்பெற்ற ஊர் அது. அதன் சதுப்பில் மேலிருந்து கீழே துளைத்தெடுத்த கறுப்பு மண்ணின் அடிப்பகுதி, கதிரியக்கக் கார்பன் கணக்கின்படி சுமார் 40,000 ஆண்டுப் பழமையானது.

செடிகளின் உடல் அந்த மண்ணில் பாதி கூழாகிவிட்டது. கூழாகாமல் நிற்பது மகரந்தம். பூ ஒன்றிலிருந்து காற்றில் பறந்தோ மழையில் வழிந்தோ சதுப்பில் விழுந்த துகள், ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு இருக்கலாம். அதன் உள்ளே இருந்த உயிர்ச்சத்து சில நாளில் போய்விடும். வெளி ஓடு மட்டும் நிலைக்கும். ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆன அந்த ஓட்டை ஆக்சிஜன் இல்லாத இடத்தில் கரைக்க இயற்கையிடம் ஏறக்குறைய எதுவும் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையான பாறைகளிலும் அது உருக்குலையாமல் கிடைக்கிறது. ஓட்டின் மேல் ஒவ்வொரு தாவரக் குடும்பமும் தன் முத்திரையைக் குத்தி வைத்திருக்கிறது. புல்லின் மகரந்தம் ஓர் உருண்டை. அதில் ஒரே ஒரு துளை, துளையைச் சுற்றிக் குடத்தின் வாய்போல ஒரு தடிப்பு. நாவல் இனத்து மகரந்தம் சின்னஞ்சிறு முக்கோணம், மேலிருந்து பார்த்தால் சமோசா. சோலை ஓரங்களில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசின் மகரந்தம் தனியாக வருவதே இல்லை. மூன்று எலுமிச்சம்பழத்தின் மேல் நான்காவதை வைத்தாற்போல, நான்கும் ஒட்டியபடியே உதிரும், ஒட்டியபடியே புதையும். இருபதாயிரம் ஆண்டு கழித்து நுண்ணோக்கியில் பார்க்கும்போதும் அந்த நால்வர் பிரிந்திருக்க மாட்டார்கள்.

பார்க்கிற நிலைக்கு அவற்றைக் கொண்டுவருவது சமையலறை வேலைபோலத் தொடங்கி அமிலத்தில் முடியும். ஒரு கன சென்டிமீட்டர் பீட்டைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கொதிக்க வைத்தால் மக்கிய சத்தெல்லாம் டிகாஷன் நிறத்தில் இறங்கிவிடும். வடிகட்டி வேர்த்துண்டுகளை எடுத்துவிடுவார்கள். மணல் இருந்தால் அதைக் கரைக்க ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். கண்ணாடியையே அரித்துவிடும் அமிலம் என்பதால் பிளாஸ்டிக் குழாயில்தான் அந்த வேலை. பிறகு, ஒன்பது பங்கு அசெட்டிக் அன்ஹைட்ரைடும் ஒரு பங்கு கந்தக அமிலமும் கலந்த கலவையில் சூடாக்கினால் செல்லுலோஸ் கரைந்துபோகும். சுவீடன் நாட்டு குன்னர் எர்ட்மான் வகுத்த முறை இது, இன்றும் மாறவில்லை. இத்தனை கொடுமையையும் தாங்கி, தேன் நிறம் ஏறி, முத்திரைகள் முன்னைவிடத் தெளிவாகத் தெரியும்படி மகரந்த ஓடுகள் வந்து நிற்கும். கிளிசரினில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்து, வயலுக்கு ஏர் ஓட்டுவதுபோல வரிசை வரிசையாகத் தட்டை நகர்த்தி எண்ண வேண்டும். முந்நூறு துகளாவது எண்ணினால்தான் விகிதம் நம்பத்தக்கது. ஒவ்வொரு அடுக்குக்கும் இதே வேலை. இப்படி எண்ணிய எண்ணிக்கையைச் சதவீத வரைபடமாக்கி ஒரு நிலத்தின் தாவர வரலாறாக வாசிக்க முடியும் என்று 1916-இல் முதலில் காட்டியவரும் ஒரு சுவீடன் நாட்டவரே, லென்னார்ட் ஃபோன் போஸ்ட். அவர் வேலை செய்ததும் பீட்டில்தான். ஆனால் சுவீடனில் எண்ணியவருக்கு இருந்த வசதி இங்கே எண்ணியவருக்கு இல்லை. அங்கே காடு என்றால் கைவிரலில் அடங்கும் மர வகைகள், நீலகிரிச் சோலையிலோ எண்ணற்ற வகைகள். எது எந்த மரத்தின் துகள் என்று ஒப்பிட்டுப் பார்க்க, பெயர் தெரிந்த செடிகளின் மகரந்தத்தைத் தட்டுகளாகச் சேகரித்து வைத்திருக்க வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் அப்படி ஒரு களஞ்சியம் உண்டு. அதை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் தணிகைமணி. 1986 செப்டம்பரில் கராச்சியில் கடத்தப்பட்ட பான்ஆம் விமானத்தில் உயிரிழந்தவர்களில் அவரும் ஒருவர்.

இனி, எண்ணியவர்கள் கண்டது என்ன? லக்னோவில் உள்ள பீர்பால் சாஹ்னி நிறுவனத்தைச் சேர்ந்த விஷ்ணு மித்ரேயும் எச். பி. குப்தாவும் 1971-இல் நீலகிரிச் சோலையின் தோற்றம் குறித்து எழுதிய கட்டுரையில், சதுப்பின் அடி அடுக்குகளில் புல்லின் ஆதிக்கத்தையும் சோலை மரங்கள் பிற்பாடு வந்து சேர்வதையும் காட்டினார்கள். பிரெஞ்சு நிறுவனத்தின் ஜி. வசந்தி 1988-இல் சாண்டிநல்லாவின் மகரந்தப் பதிவை வெளியிட்டபோது தலைப்பிலேயே ‘மேட்டுநிலப் புல்வெளியின் பரிணாமம்’ என்று வைத்தார். இரண்டும் வெவ்வேறு ஆய்வகங்கள், வெவ்வேறு மண் மாதிரிகள். இரண்டிலும் புல்லின் ஒற்றைத்துளை உருண்டைகள் பழைய அடுக்குகள்வரை இறங்குகின்றன. காடு அழிந்துதான் புல் வந்தது என்றால் அடியில் மரமும் மேலே புல்லும் இருக்க வேண்டும். சதுப்பின் வரிசை அப்படி இல்லை.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் வழக்கு முடிந்ததாகத் தோன்றும். முடியவில்லை. மகரந்தச் சாட்சிக்கு ஒரு குறை உண்டு, அதை முதலில் சொல்லக்கூடியவர்கள் மகரந்தம் எண்ணுகிறவர்களே. புல் காற்றை நம்பிப் பூக்கும் செடி. ஒரு கதிர் ஆட்டம் ஆடினால் ஆயிரக்கணக்கில் துகள் பறக்கும். சோலை மரங்கள் பலவும் தேனீயையும் வண்டையும் பறவையையும் நம்பியவை. அளந்து உற்பத்தி செய்யும், அதுவும் மரத்தடியிலேயே உதிரும். பத்துப் புல் துகளும் ஒரு நாவல் துகளும் கிடைத்தால், நிலத்தில் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் மரம் இருந்தது என்று கணக்குப் போட முடியாது. இதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. சோலையின் முக்கியக் குடிகளில் லவங்கப்பட்டைக் குடும்பத்து மரங்கள் ஏராளம். அந்தக் குடும்பத்தின் மகரந்த ஓடு மிக மெல்லியது, பீட்டில் தங்காது. தங்கியது ஒன்றிரண்டு இருந்தாலும் ஆய்வகத்தின் அமிலத்தில் கரைந்துபோகும். ஒரு பள்ளத்தாக்கு முழுக்க அந்த மரங்களே நின்றிருந்தாலும் நுண்ணோக்கியில் அவை இருந்த சுவடே தெரியாது. சாட்சிக் கூண்டில் ஏற முடியாதவர் ஊரில் இல்லவே இல்லை என்று தீர்ப்பு எழுதலாமா என்று போரின் கட்சியினர் கேட்டால், கேள்வி நியாயமானது.

இதற்கு மகரந்தத்துக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. புல் அதிகம் தூவுவதும் லவங்கப்பட்டைக் குடும்பம் காணாமல் போவதும் எல்லா அடுக்குக்கும் பொதுவான கோளாறு. தராசு எப்போதும் ஒரு பக்கமே சாய்கிறது என்று தெரிந்தால், எடையைத்தான் நம்பக்கூடாது. நேற்றைக்கு இன்று கூடியதா குறைந்ததா என்று அந்தத் தராசையே கேட்கலாம். புல் கூடும் அடுக்கும் குறையும் அடுக்கும் இருக்கின்றன என்றால் நிலத்தில் ஏதோ மாறியிருக்கிறது. மீதிப் பாதி விடைக்கு மகரந்தத்தை விட்டுவிட்டு, அமிலத்தில் நாம் கரைத்து ஊற்றிவிட்ட அந்தக் கூழுக்குத் திரும்ப வேண்டும். இலையும் வேரும் தண்டும் மக்கிய கூழ். லவங்கப்பட்டைக் குடும்பத்து இலையாக இருந்தாலும் அதன் கார்பன் அங்கே இருக்கும்.

கார்பனில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு சற்றே கனமானது, கார்பன்-13. செடி காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுக்கும்போது லேசான கார்பனையே விரும்பும். எவ்வளவு கறாராகத் தேர்ந்தெடுக்கிறது என்பதில் தாவரங்கள் இரண்டு கட்சி. மரங்கள் அனைத்தும் ஏறக்குறைய, செடிகொடிகளில் பெரும்பாலானவை, குளிர்நிலப் புற்கள் எல்லாம் சி-3 என்ற முறையைச் சேர்ந்தவை. அரிசியில் கல் பொறுக்குவதுபோலக் கனமான கார்பனைப் பெருமளவு ஒதுக்கிவிடும். வெயிலுக்கும் வறட்சிக்கும் பழகிய வெப்பநிலப் புற்கள் சி-4. இவை வாயுவை முதலில் உள்ளே இழுத்துத் தனி அறையில் அடைத்துவிட்டு அப்புறம்தான் சமைக்கத் தொடங்கும். அடைத்த அறைக்குள் பொறுக்கி எறிய வழியில்லை, வந்ததெல்லாம் உலையில் போகும். இந்த வேறுபாட்டை ஆய்வகங்கள் ஆயிரத்துக்கு இத்தனை என்ற அளவில் எழுதுகின்றன. சி-3 செடியின் உடல் சராசரியாக மைனஸ் 27, சி-4 மைனஸ் 13. இலை மக்கினாலும் இந்த எண் அதிகம் மாறாது. ஓர் அடுக்கு மைனஸ் 20 காட்டினால் இரண்டும் பாதிக்குப் பாதி கலந்திருக்கின்றன. யானை ஆய்வாளராகப் பலரும் அறிந்த பெங்களூரின் ரா. சுகுமார், அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வகத்தில் ஐசோடோப்பு அளந்த ஆர். ரமேஷ், அவர்களுடன் பந்த், ராஜகோபாலன் ஆகிய நால்வரும் சாண்டிநல்லாப் பீட்டை அடுக்கடுக்காக இப்படி அளந்து 1993-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து அதே கணக்கை 40,000 ஆண்டுவரை நீட்டினார்கள்.

இங்கே ஒன்றை நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த அத்தியாயத்தின் வாதம் இந்த மூட்டில்தான் நிற்கிறது. புல்லின் மகரந்தம் எல்லாப் புல்லுக்கும் ஒரே அச்சு. மூங்கிலா, அருகா, தினையா என்று சாதாரண நுண்ணோக்கியில் சொல்வது மிகக் கடினம். அது சி-3 புல்லா, சி-4 புல்லா என்று மகரந்தத்துக்குத் தெரியாது. கார்பனுக்கோ, மைனஸ் 27 காட்டும் கூழ் சோலை மரத்திலிருந்து வந்ததா, குளிர்நிலப் புல்லிலிருந்து வந்ததா என்று தெரியாது. ஒருவர் கண்ணில்லாத சாட்சி, இன்னொருவர் காதில்லாத சாட்சி. ஆனால் சி-4 பக்கம் சாயும் எண் கிடைத்தால் அதற்கு ஒரே பொருள்தான். மரம் சி-4 ஆகாது, ஆகவே அது புல், சில வேளை கோரை. மகரந்தம் புல் என்று சொல்லும் அடுக்கில் கார்பனும் சி-4 என்று சொன்னால், கண்ணுக்குத் தெரியாத லவங்கப்பட்டைக் காடு ஒன்று அங்கே மறைந்திருந்தது என்று வாதாட இடமில்லை. அந்தக் காடு இருந்திருந்தால் அதன் இலைகள் எண்ணை மைனஸ் 27-க்கு இழுத்திருக்கும்.

சாண்டிநல்லாவின் எண்கள் இழுபடவே செய்கின்றன, ஆனால் காலத்துக்குக் காலம் வேறு வேறு திசையில். கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்த சமயம், ஏறத்தாழ 20,000 முதல் 18,000 ஆண்டுகளுக்கு முன், எண் சி-4 பக்கம் போய் நிற்கிறது. மலை வறண்ட புல்வெளியாக இருந்திருக்கிறது. பனியுகம் உடைந்து தென்மேற்குப் பருவமழை வலுத்தபோது, பத்துப் பதினோராயிரம் ஆண்டு வாக்கில், எண் வேகமாக சி-3 பக்கம் திரும்புகிறது. சோலை மடிப்பை விட்டு மேலேறிய காலம் என்று ஒன்று இருந்தால் இதுதான். ஆறாயிரம் ஆண்டு வாக்கில் மழை தளர்ந்து புல் மறுபடியும் கை ஓங்குகிறது, பிறகு மீண்டும் ஈரம் திரும்புகிறது. அரபிக் கடலின் அடிமண்ணில் புதைந்த நுண்ணுயிர் ஓடுகளைக் கொண்டு பருவமழையின் ஏற்ற இறக்கத்தைக் கணித்தவர்களும் பனியுகத்தில் வலுக்குறைந்த மழையையும், அது முடிந்தபின் வலுத்த மழையையும்தான் கண்டார்கள். மலையும் கடலும் தனித்தனியே ஒரே கதையைச் சொல்கின்றன.

எதிர்வாதங்கள் இதோடு ஓய்வதில்லை. பீட் சதுப்பில்தான் கிடைக்கிறது, சதுப்பில் கோரையும் புல்லும்தான் முளைக்கும், ஆகவே நீங்கள் மலையைப் படிக்கவில்லை, ஒரு பள்ளத்தைப் படித்தீர்கள் என்பது ஒன்று. கூழின் பெரும்பகுதி அந்த இடத்திலேயே வளர்ந்த செடிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் யோசித்தால் இது போரின் கட்சிக்கு உதவாது. ஒரு மலையில் ஈரம் கடைசியாக வற்றும் இடம் சதுப்பு. அங்கேயே வறட்சிக்குப் பழகிய சி-4 செடிகள் கோலோச்சின என்றால், சதுப்புக்கு மேலே வெயில் காயும் சரிவில் ஈரம் விரும்பும் சோலை மூடியிருந்தது என்று எப்படி நம்புவது? இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கூர்மையானது, எனக்குப் பிடித்ததும்கூட. பனியுகத்தின் உச்சத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 190 பங்குதான். தொழிற்புரட்சிக்கு முன் 280, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. வாயு குறைந்த காற்றில், அடைத்து வைத்துச் சமைக்கும் சி-4 புல்லுக்கே ஆதாயம். ஆக, எண் சி-4 பக்கம் போனதற்கு மழை குறைந்ததுதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? முழுதாகச் சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்தே வேலை செய்திருக்கும். ஆறாயிரம் ஆண்டு வாக்கில் வந்த இரண்டாவது சாய்வுக்கு மட்டும் அந்த விளக்கம் பொருந்தாது, அப்போது காற்றின் வாயு ஏறக்குறைய நிலையாகவே இருந்தது. எப்படியானாலும் நம் கேள்விக்கு இதனால் சேதமில்லை. மழையோ காற்றோ, புல்லைக் கொண்டுவந்தது மனிதனின் தீப்பெட்டி அல்ல.

தீப்பெட்டி என்றதும் கடைசி எதிர்வாதம் எழும்: இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் தென்னிந்தியாவில் மனிதர்கள் இல்லையா, அவர்களிடம் நெருப்பு இல்லையா? இருந்தார்கள், இருந்தது. அவர்களில் யாரும் இந்த மலை ஏறிப் புல்லுக்குத் தீ வைக்கவே இல்லை என்று எந்த மகரந்தத் துகளும் சத்தியம் செய்யாது. ஆனால் வேட்டைக் கூட்டங்கள் வைத்த தீதான் காரணம் என்றால், அந்தத் தீ அரபிக் கடலில் மழை தளரும்போதெல்லாம் கூடி, மழை வலுக்கும்போதெல்லாம் அணைந்திருக்க வேண்டும். மனிதர்கள் பெருகப் பெருகத் தீ குறைந்தது என்றும் சொல்ல வேண்டிவரும், ஏனென்றால் பதினெட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இருந்த மக்கள்தொகையை விடப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் இருந்தது குறைவு என்று யாரும் நினைப்பதில்லை. எருமை மேய்க்கும் தோடர்கள் மீது போடப்படும் பழி இதைவிடப் பலவீனமானது. அவர்களைக் குறிப்பிடும் மிகப் பழைய எழுத்துச் சான்று 1117-ஆம் ஆண்டின் ஹொய்சளக் கல்வெட்டு. அவர்கள் மலையேறியது அதற்குப் பல நூற்றாண்டு முன்னதாகவே இருக்கட்டும். பீட்டின் கணக்கில் அது மேல்மட்டத்து ஒரு சில விரற்கடை. தோடர்கள் புல்லை உண்டாக்கவில்லை, புல் இருந்த இடத்துக்கு எருமையோடு வந்தார்கள். அவர்களது கோயில் கூரைக்கு வேயும் நாணல்போன்ற புல் இந்தச் சதுப்புகளில்தான் வளர்கிறது.

ரங்கநாதன் வென்றார் என்று இத்தோடு முடித்தால் பீட்டுக்குச் செய்யும் அநியாயம். உறைபனியின் பலத்தால் புல்லும் சோலையும் என்றைக்குமான ஓர் உடன்படிக்கையில் நிற்கின்றன என்பது அவரது சித்திரம். சாண்டிநல்லாவின் எண்களில் உடன்படிக்கை எதுவும் இல்லை, எல்லைத் தகராறுதான் இருக்கிறது. மழை வலுத்த ஆயிரமாண்டுகளில் மரம் முன்னேறியது, தளர்ந்தபோது பின்வாங்கியது. இப்போது நாம் பார்க்கும் கத்தி வெட்டுக் கோடு நகர்ந்துகொண்டிருந்த எல்லையின் ஒரு நிலைதான். போர் சொன்ன தீக்கும் இதில் பங்கு உண்டு. ஈரமான காலத்தில் சோலை மேலேறப் பார்த்திருக்கக்கூடிய இடங்களில் மேய்ச்சலும் தீயும் அதைத் தடுத்து வைத்திருக்கலாம், எல்லையை ஓரிரு கஜம் இப்படி அப்படித் தள்ளியிருக்கலாம். பிழை, அந்தச் சிறு தள்ளலை முழு வரலாறாக நினைத்ததில். இன்று காற்றில் வாயு கூடி வருகிறதே, மரத்துக்கு அது சாதகம்தானே, நாமே நட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. முன்பு மழை வலுத்தபோது மேலேறியவை நாவலும் லவங்கமும் காட்டுப் பூவரசும். கோடரியும் நாற்றுப்பண்ணையும் கொண்டுவந்த சீகை அந்த வரிசையில் எந்த அடுக்கிலும் இல்லை.

எந்த அடுக்கிலும் என்பதில் ஒரு விலக்கு. சீகையின் மகரந்தம் பதினாறு துகள் ஒன்றாய்த் தைத்த சிறு மெத்தைபோல இருக்கும், ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அந்த மரம் மலைக்கு வந்தது என்பதால் அந்த மெத்தை சதுப்பின் உச்சியில் மட்டுமே கிடக்க வேண்டும். கீழே எங்கேனும் தென்பட்டால் துளைத்தபோது மேல்மண் சரிந்து கலந்துவிட்டது என்று பொருள், அந்த மாதிரியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு துளைக்க வேண்டும். ஆனால் துளைப்பதற்குச் சதுப்பே குறைந்து வருகிறது. கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்குமாகப் பள்ளங்களில் வாய்க்கால் வெட்டி நீரை வடிக்கிறார்கள். சுற்றிலும் நட்ட கற்பூர மரங்கள் மிச்சத்தை உறிஞ்சுகின்றன. நீர் இறங்கியதும் ஆயிரமாயிரம் ஆண்டாக உள்ளே விடாமல் வைத்திருந்த ஆக்சிஜன் உள்ளே வரும், பீட் காய்ந்து பொடியாகும், மகரந்த ஓடு ஒவ்வொன்றாக அரிக்கப்படும். அது ஒரு வரிசைப்படி நடக்கும். மெல்லிய ஓடுகள் முதலில் போகும், ஓரளவு தடித்தவை அடுத்து, தடித்த தோல் கொண்ட பெரணி வித்துகள் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அப்படிக் காய்ந்த பள்ளம் ஒன்றின் மண்ணை என்றைக்காவது ஒருவர் கொதிக்க வைத்து, வடிகட்டி, முந்நூறு எண்ணினால், கண்ணாடித் தட்டு முழுக்கப் பெரணியாகவே இருக்கும்.